மழை எலி

ஜப்பானின் எடோ நகரத்துச் சாதாரணக் குடிகள் அடர்சிவப்பு உடுத்தக் கூடாது என்று ஆணை இருந்த காலம். பழுப்பும் சாம்பலும் உடுத்தலாம். சாயக்காரர்கள் சாம்பலிலேயே நூறு வகை பிரித்து, மூங்கில் எலி, கடல் எலி என்று எல்லாவற்றுக்கும் எலியின் பெயரையே வைத்தார்கள். கல்யாணத்துக்குச் சிவப்புக் கிமோனோ கேட்ட ஓகினுவுக்கு, சாயக்காரனான கணவன் ஜின்பே கொடுத்தது மழை எலி.

“ஊர்ல திரியற எலியெல்லாம் போதாதுன்னு எனக்கும் ஒண்ணா?”

“போட்டுப் போட்டுத் தேய்ச்சுட்டு, அப்புறம் என்னைத் திட்டு.”

அவள் போடவே இல்லை. பெட்டியின் அடியில் வைத்தாள். முப்பது வருடம் ஜின்பே அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. புத்தாண்டுக்கு அவள் பெட்டியைத் திறக்கும்போது மட்டும், கையில் சாயம் சொட்டச் சொட்ட வந்து நிலைப்படியில் நிற்பான்.

அவன் போன பிறகு, துக்கத்துக்கு இதுவே போதும் என்று அதை எடுத்து உடுத்தினாள். மூன்றாவது குளிர்காலத்தில், ஜன்னலில் கையூன்றித் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தாள். வலது முழங்கையில் சாம்பல் தேய்ந்து, அதற்கடியில் அவன் முதலில் தோய்த்திருந்த சிவப்பு, ஒரு பிளம் பூ அளவுக்குத் தெரிந்தது.

மகள் ஊசியோடு வந்தாள். “யாராவது பாத்தா வம்பும்மா. ஒட்டுப் போட்டுடறேன், குடு.”

ஓகினு கையை இழுத்துக்கொண்டாள். பிறகு இடது முழங்கையை ஜன்னல் கட்டையில் அழுத்தித் தேய்க்கத் தொடங்கினாள்.