கொடி லாரி

"ஏனுங்க, கேட்டைத் தொறக்கறீங்களா, இல்ல இங்கயே ஊடு கட்டிக் குடியிருக்கட்டுமா?"

ஜீப்காரர் கத்தியதில் தப்பில்லை. கீழ்க் கேட்டில் வண்டிகள் வளைவு தாண்டி நின்றன. கேட் காவல்காரன் சின்னையன்தான் என்ன செய்வான், பாவம்! அந்த வருஷ மழையில் மஞ்சக்குட்டைப் பாதை சரிந்ததிலிருந்து ஒரு வண்டி போகத்தான் இடம். மேலிருந்து இறங்கும் வரிசையில் கடைசி வண்டியிடம் சிவப்புக் கொடியைக் கொடுத்தனுப்புவார்கள். அது கைக்கு வந்தால்தான் கீழிருந்து ஏற விடலாம்.

சாயங்காலக் கொடி தினமும் ஆரோக்கியதாஸின் காப்பி லாரியில்தான் வரும். மற்ற வண்டிகள் வந்து கால் மணி கழித்து, ஆடி அசைந்து வரும்.

"நொம்ப லோடுங்க. பிரேக்கு பத்தல" என்பார். எட்டிப் பார்த்தால் பாதி லோடுகூட இருக்காது.

"நாளைக்கும் க்யூ நின்னா வேற ஆளைப் போட்டுருவேன்" என்று ரோட்டு ஓவர்சியர் சின்னையனிடம் சொல்லிவிட்டார். வேலை போகும் பயம் ஒரு பக்கம். அந்த லாரிக்கார மனுசன் அப்படி என்னதான் செய்கிறார் என்ற குறுகுறுப்பு அதைவிடப் பெரிசு.

மறுநாள் மற்ற வண்டிகள் இறங்கிப் போனதும் கேட்டைப் பூட்டிவிட்டு, மேடேறிப் புதர் மறைவில் உட்கார்ந்தான் சின்னையன்.

லாரி ஊர்ந்து வந்தது. அதன் பின்னால் எஸ்டேட் வேலை முடிந்த பெண்கள் கும்பலாக நடந்து வந்தார்கள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடமில்லை. ஆனால் கொடி கீழே போய்ச் சேரும்வரை எந்த வண்டியும் வராதே!

'நடந்து செல்லக் கூடாது' என்ற போர்டை அங்கே ஆணியடித்து மாட்டியதே சின்னையன்தான். காட்டு வழியில் சுற்றினால் மூன்று மைல். கேட்டுக்கு முந்தின வளைவிலேயே இறங்கி ஊருக்குப் போய்விடுவதால், இவர்கள் அவன் கண்ணில் பட்டதேயில்லை.

கும்பலில் கடைசியாக, ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி வந்தாள். பொன்னாயி! காட்டு வழியில்தான் வருகிறேன் என்று தினமும் சொன்ன அவன் சம்சாரம்.

ஆரோக்கியதாஸ் தலையை வெளியே நீட்டினார். "மெதுவா வா கண்ணு. கொடி எங்கிட்டத்தான இருக்குது."

சின்னையன் சத்தமில்லாமல் எழுந்தான். குறுக்கே இறங்கிக் கேட்டுக்கு ஓடினான். அங்கே ஓவர்சியர் நின்றிருந்தார். சற்று நேரத்தில் லாரியும் வந்து சேர்ந்தது.

"எவன்யா இன்னைக்கும் லேட் பண்ணது?"

ஆரோக்கியதாஸ் மெல்ல வாயைத் திறந்தார். "லோடு நொம்ப..."

"அவரு இல்லைங்க சார்" என்று முந்திக்கொண்டான் சின்னையன். "நாந்தானுங்க. கேட்டைப் பூட்டிட்டு வேடிக்கை பாக்கப் போயிட்டேன்."