மூவரின் சராசரி

"கண்ணுல பட்ட எண்ணையெல்லாம் பெருக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? முதல்ல கேள்வியை முழுசாப் படி."

கணக்கு டீச்சருக்குத் தலை வலித்தது. பள்ளி விட்டாயிற்று. மற்ற டீச்சர்களெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். இந்த மண்டுவுக்காக அவள் மட்டும் காலி வகுப்பில் தொண்டைத்தண்ணி வற்றக் கத்திக்கொண்டிருக்கிறாள்.

கடைசி பெஞ்சுக்காரி கையில் சாக்பீஸோடு கரும்பலகை முன் நின்றாள்.

"வெறும் எண்ணாக் குடுத்தா வருது மிஸ். கதை மாதிரி கேட்டாத்தான் குழம்பிடுது."

"கதைன்னா கதையாவே பாரு. மூணு பேர்னு கேட்டா, யாரு அந்த மூணு பேர்? தெரிஞ்சவங்களை நிக்க வை. முகம் தெரிஞ்சா கணக்கு தானா வரும்."

பெண் தலையை மட்டும் நன்றாக ஆட்டினாள்.

"இதான் கடைசி." டீச்சர் அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னாள். "ஒரு வகுப்புல முப்பது பேர். சராசரி மார்க் அறுபத்தொண்ணு. மூணு பேரை நீக்கினதும் சராசரி அறுபத்தஞ்சு ஆயிடுச்சு. நீக்கின மூணு பேரோட சராசரி என்ன?"

சாக்பீஸ் கீச்சிட்டது. எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள்.

டீச்சர் பையை மூடினாள். "நாளைக்கு மறக்காம உங்கம்மாவைக் கூட்டிட்டு வா. ஹெச்.எம். பாக்கணுமாம்."

"இருபத்தஞ்சு, மிஸ்."

டீச்சர் நிமிர்ந்தாள். முப்பது பேரின் மொத்தத்தில் இருபத்தேழு பேரின் மொத்தத்தைக் கழித்து, மூன்றால் வகுத்திருந்தாள் பெண். ஒரு பிசகு இல்லை. பட்ட பாடு வீண்போகவில்லை என்று டீச்சருக்கு மனசு குளிர்ந்தது.

"பாத்தியா! எப்படிப் போட்டே?"

"நீங்க சொன்னபடிதான் மிஸ். நம்ம வகுப்புலயும் முப்பது பேர். சராசரி அறுபத்தொண்ணுன்னு நீங்கதான் சொன்னீங்க. என் பெஞ்சுல மூணு பேரு. ஒருத்தி முப்பது, இன்னொருத்தி இருபத்தொண்ணு, நான் இருபத்துநாலு. கூட்டினா எழுபத்தஞ்சு. சரியா வந்துடுச்சு."

நுணலும் தன் வாயால் கெடும். காலையில் ஹெச்.எம். அறையில் டீச்சரே போட்டுக் காட்டிய கணக்கு அது. அந்த உறுத்தலில்தான் இன்றைக்கு இந்தத் தனி வகுப்பும்.

பெண் பலகையைச் சுத்தமாக அழித்தாள். கையைத் தட்டிக்கொண்டாள்.

"டி.சி. வாங்க அவங்க ரெண்டு பேரோட அம்மாவையும் நானே வரச் சொல்லிடட்டுமா, மிஸ்?"