நசுங்கிய உழக்கு

"சார், நீங்க இங்கதான் எண்ணெய் வாங்குறீங்களா? அளவெல்லாம் சரியா இருக்கா?"

கேட்டவர் அளவை ஆய்வாளர். ஓய்வு பெறும்வரை நான் பார்த்த வேலையை இப்போது பார்ப்பவர்.

முப்பத்தோரு வருடம் அளவைகளுக்கு முத்திரை குத்தியவன் நான். ஒரு சொட்டுக் குறைந்தாலும் பாத்திரத்தை அங்கேயே அடித்து நசுக்கிவிட்டுத்தான் கடையை விட்டு இறங்குவேன். ஊரில் எனக்குப் பெயரே சம்மட்டி.

இந்தக் கடைக்காரம்மா எண்ணெயை உழக்கில்தான் அளந்து ஊற்றுவார். லிட்டர் வந்து எத்தனையோ காலமாகிறது. அதுவே குற்றம். போதாததற்கு அந்த உழக்கின் அடி உள்பக்கமாக நசுங்கியிருக்கும். வீட்டில் கண்ணாடிக் குடுவையில் ஊற்றிப் பார்த்தேன். கால் பங்கு குறைந்தது.

எட்டு நாள் வரவேண்டிய எண்ணெய் ஆறே நாளில் தீர்ந்துவிடும்.

இரண்டு வருடமாக நான் வாயைத் திறக்கவில்லை.

கடை திறக்கும் நேரத்தில், வேறு யாரும் வருவதற்கு முன்னால் போய்விடுவேன். முட்டிவலி எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். கால்மணி நேரம் பேசிக்கொண்டிருப்போம். வீட்டில் என்னோடு பேச ஈ காக்கை கிடையாது. எட்டு நாள் என்னால் பொறுக்க முடியாது.

இன்று மழையால் தாமதம். அதற்குள் ஆய்வாளர் வந்து நிற்கிறார்.

ஒரு சொட்டுக்கூடக் குறையாது என்றேன். வேலை விஷயத்தில் நான் சொன்ன முதல் பொய்.

அவர் ஆணிகளில் தொங்கிய அளவைகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். லிட்டர், அரை லிட்டர், கால் லிட்டர். எல்லாம் புத்தம்புதிது, எல்லாம் சரி. உழக்கை மட்டும் காணோம். அவர் கிளம்பிப் போனார்.

எனக்கு முன்னால் நின்ற தையற்காரிக்குக் கால் லிட்டரில் தளும்பத் தளும்ப அளந்து, மேலே கொசுறும் ஊற்றினார் கடைக்காரம்மா. அடுத்து நின்ற தச்சருக்கும் அப்படியே.

கடை காலியானது. என் புட்டியை வாங்கிக்கொண்டு குனிந்தார். மேசைக்கு அடியில் துணியில் சுற்றி வைத்திருந்த நசுங்கிய உழக்கை எடுத்தார்.

ஆக, இது எனக்கு மட்டும்தான். போயும் போயும் சம்மட்டியையா ஏமாற்றுகிறார்? எனக்கு முகம் சுட்டது. கேட்டே விடுவது என்று வாயெடுத்தேன்.

எண்ணெயை ஊற்றியவர் புட்டியை நீட்டவில்லை. அதன் மூடியைத் திருகிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"ஆறு நாள்ல வந்துடுவீங்கல்ல?"