ஏவாளின் கன்னம்

எண்ணெய்த்தாள் ஒட்டிய ஜன்னல் வழியாக வரும் மாலை வெளிச்சம் செப்புத் தகட்டின்மேல் அசதியாய்க் கிடக்கிறது. மணல் அடைத்த தோல் திண்டில் தகட்டைச் சாய்த்து, மழுங்கிய கம்பியால், தான் அதில் கீறிய ஏவாளின் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான் யோரிஸ். அவள் மடியில் மகன் ஆபேல், உலகத்தின் முதல் பிணம். படம் விற்கும் வியாபாரி, பார்வைக்கு அனுப்பிய முதல் அச்சைத் திருப்பி அனுப்பிவிட்டார். தாய் அழவில்லையாம்; கண்ணீர் இல்லாத துக்கத்தை ஆண்ட்வெர்ப்பில் எவனும் வாங்கமாட்டானாம். செம்பில் கண்ணீரைக் கீற முடியாது. கீறல் இல்லாத இடம்தான் மை பிடிக்காமல் தாளில் வெள்ளையாக விழும். அதனால், பார்த்துப் பார்த்துக் கீறிய நிழலை அவனே இப்போது அழிக்கிறான். தோள்பட்டை விண்விண்ணென்று வலிக்கிறது.

அச்சுப்பொறியருகே மை அரைக்கும் அவன் மனைவி லிஸ்பெத் தலை நிமிராமல் கேட்கிறாள். "ஏன் அந்த முகத்தைப் போட்டு இந்தப் பாடு படுத்துறீங்க?"

"அவ அழணுமாம்."

"நம்ம பொண்ணு அன்னெக்காவைப் புதைச்சிட்டு வந்த அன்னிக்கு நான் அழுதேனா?"

அவன் கொஞ்சம் யோசிக்கிறான். "இல்ல. மாவு பிசைஞ்சே."

"அந்த மூஞ்சியைத்தானே இவளுக்கு வச்சிருக்கீங்க."

யோரிஸின் கை நின்றுபோகிறது. அரைக்கல் உரசும் சத்தமும் நிற்கிறது. லிஸ்பெத் எழுந்து வந்து தகட்டை வாங்கிக்கொள்கிறாள். மை பூசி, துணியால் ஒற்றி, கடைசியில் உள்ளங்கையால் துடைக்கிறாள். கன்னத்துக்கு வரும்போது கை மெதுவாகிறது. அவன் தேய்த்த இடத்தில் மை தங்காமல் கையோடு வந்துவிடுகிறது. கண்ணுக்குக் கீழே செம்பு ஒரு சொட்டாய் மினுங்குகிறது.

"தேய்ச்சது தேய்ச்சதாவே இருக்கட்டும்," என்கிறாள், உள்ளங்கையைப் பார்த்தபடி. "அவளாவது அழட்டும்."