கலைமான் வீட்டுக்குப் போன ஓலை

கௌதாரிகள் எந்தெந்தப் புதரில் முட்டையிட்டிருக்கின்றன என்று எழுதிய ரகசிய ஓலைக்குக் கலைமான்தான் பொறுப்பதிகாரி. தன் பெருமையைக் காட்ட, ஒருநாள் அதை வீட்டுக்கு எடுத்துப்போய் விருந்தாளிகள் முன் விரித்தது. அவர்களில் முட்டை தின்னும் உடும்பும் இருந்தது.

அதைக் கண்டதும், கலைமானின் உதவியாளரான முயல் நேராக யானை நீதிபதியிடம் ஓடியது. உடும்பு போவதற்குள் புதர்களைச் சுற்றி எருமைகள் காவல் நின்றுவிட்டன.

விசாரணை முடிந்து கலைமானுக்குப் பதவி போனது. ஓராண்டு காட்டைவிட்டு வெளியேறும்படி தீர்ப்பும் ஆனது.

கலைமான் கிளம்பும்போது முயல் தயங்கித் தயங்கி வந்தது. "ஐயா, என்மேல் கோபமா?"

புல்வெளியில் தாயின் பின்னால் கௌதாரிக் குஞ்சுகள் ஓடிக்கொண்டிருந்தன.

"நீ மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தால் இதில் ஒன்றுகூட மிஞ்சியிருக்காதேப்பா. அந்தப் பாவத்தை நான் எங்கே போய்த் தொலைத்திருப்பேன்? நீ நல்லா இருக்கணும்," என்ற கலைமான், கொம்பு தரையில் படக் குனிந்து முயலை வணங்கியது.