கடியாரம் தெரியணும்

“ஆத்தா, சூப்பர்வைசர் சிரிக்கிறாரு. நான் என்ன பச்சப்புள்ளையா, தெனம் போட்டோ அனுப்ப?” திருப்பூரிலிருந்து போனில் சலித்துக்கொண்டான் எழிலரசன்.

“சிரிச்சாச் சிரிச்சிட்டுப் போறாரு. இப்ப அனுப்புனதுல ஒம் மூஞ்சிதான் தெரியுது, கம்பெனிக் கடியாரம் தெரியல. இன்னொன்னு எடு” என்றாள் பொன்னுத்தாய்.

குடுமியான்மலைப் பக்கத்துக் காலனியிலிருந்து சென்னை, கோவை என்று பிழைக்கப் போன நாற்பது பேரும் காலையும் மாலையும் வாட்ஸ்அப் குரூப்பில் முகம் காட்டியாக வேண்டும். ஒருவன் மறந்தாலும் பொன்னுத்தாய் போன் போட்டு வறுத்தெடுத்துவிடுவாள். ‘புள்ளைகளைப் பாக்காம இவளுக்குச் சோறு எறங்காது’ என்று டீக்கடையில் கேலி பேசினார்கள்.

இரண்டு நாள் கழித்து அவள் வாசலில் ஜீப் வந்து நின்றது.

“எழிலரசன் எங்க? முந்தாநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு டவுன்ல ஒரு டீச்சர் சங்கிலிய அறுத்துட்டாங்க. அவனை விசாரிக்கணும்” என்றார் எஸ்.ஐ.

“அவந்தான்னு யாரு சார் சொன்னா?”

“குறவர் காலனிய விட்டுட்டு வேற எங்க போய்த் தேடுறது?”

இப்படித்தான் அவள் புருஷன் மூக்கனையும் ஒருநாள் இழுத்துப் போனார்கள். திருட்டு நடந்தபோது அவன் கேரளாவில் ரோட்டுக்குத் தார் போட்டுக்கொண்டிருந்தான். சொன்னதை யாரும் நம்பவில்லை. ஒரு வருஷம் உள்ளே கிடந்தான்.

பொன்னுத்தாய் இடுப்பில் செருகியிருந்த செல்லை எடுத்து, முந்தாநாள் போட்டோவைத் தேடி, எஸ்.ஐ. முகத்துக்கு நேரே நீட்டினாள். அதில் எழிலரசன் கடுகடுவென்று நின்றான். தலைக்கு மேலே கம்பெனிக் கடிகாரத்தில் மணி ஆறு.

“அடுத்து யாரு சார்?” என்றாள். “நாப்பது பேரு மூஞ்சியும் இதுல இருக்கு. உக்காருங்க, ஒவ்வொண்ணாக் காட்டுறேன்.”