சாட்சியில்லாத பள்ளம்

“இது கம்ப்யூட்டர்ல செஞ்சது,” என்றார் சார், பலகையில் குத்தியிருந்த என் படத்திலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று.

போட்டோகிராபி வகுப்பில் இருபத்திரண்டு பேர். இருபத்தொரு பேருக்கு நிம்மதி.

நான்கு வாரமாக இதே அசைன்மென்ட்தான். தலைப்பு, மேற்பரப்பு. பதினோரு படம் கொடுத்தேன். பதினொன்றும் திரும்பி வந்தன. பன்னிரண்டாவதும் வந்தால் இந்த வருடத்தை மறுபடி படிக்க வேண்டும். அடுத்த வருடம் என் தம்பி இதே வகுப்பில் சேருகிறான். இப்போதே அவன் என்னை அண்ணன் என்று கூப்பிடுவது செலவுக்குக் காசு வேண்டுமென்றால் மட்டும்தான்.

சாருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘மூணுல ஒண்ணு’. படத்தை மூன்றாகப் பிரி, பொருளை ஒரு பங்கில் வை என்று முதல் நாளே சொன்னார். வகுப்பிலும் மூன்றில் ஒருவரைத்தான் பாஸ் போடுவார். கொள்கைப் பிடிப்பு.

முதலில் உரிந்த சுவரைப் படமெடுத்துப் போனேன். “எல்லாரும் இதையே எடுத்தாச்சு,” என்றார். நியாயம்தான். கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் ஒரே சுவர் அது. வரிசையில் நின்றுதான் எடுத்தோம்.

மரப்பட்டையை எடுத்தேன். “மரம் மாதிரி இருக்கு,” என்றார்.

தூங்கிக்கொண்டிருந்த அப்பாவின் குதிகாலை எடுத்தேன். வெடிப்பு வெடிப்பாக, வற்றிய ஏரி போல. “ஏழ்மையை விக்காதே,” என்றார். இதை அப்பாவிடம் சொல்லவில்லை.

“உள்ளேருந்து வரணும்ப்பா,” என்று நெஞ்சைத் தட்டிக் காட்டுவார். உள்ளே தேடிப் பார்த்தேன். பசி இருந்தது.

கடைசியில் அது வெளியிலிருந்துதான் வந்தது. போன வியாழக்கிழமை, அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது.

அப்பா கார் டிங்கர். அடிபட்ட வண்டியைத் தட்டி, பள்ளத்தைப் பட்டிப் பசையால் நிரப்பி, பெயின்ட் அடித்து, அடியே படாதது போல் திருப்பிக் கொடுப்பார். நான் சொரசொரப்பைத் தேடித் தெருத்தெருவாக அலைகிறேன். அவர் அதை ஒழிப்பதற்கென்றே பட்டறை வைத்திருக்கிறார். ஒரே வீட்டில் இரண்டு கட்சி.

அன்றைக்கு ஒரு கதவின் பள்ளத்தைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். பட்டி பிடிக்க வேண்டுமென்றால் பழைய பெயின்டின் விளிம்பைச் சரிவாகத் தேய்க்க வேண்டுமாம். தேய்க்கத் தேய்க்க அடுக்கடுக்காக வெளியே வந்தது. நீலம், அதற்குள் வெள்ளை, அதற்குள் செங்கல் நிறம், நடுவில் வெறும் தகரம். குளத்தில் கல் விழுந்து அலை அப்படியே உறைந்துவிட்ட மாதிரி வளையம் வளையமாக. கூரை ஓட்டை வழியாக வெயில் சாய்ந்து வந்து அதன்மேல் படுத்திருந்தது.

“அப்பா, கையை எடுங்க.”

“ஏன்டா, கரண்ட் அடிக்குதா?”

“படம் எடுக்கணும். அழகா இருக்கு.”

பள்ளத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எது மோசம் என்று முடிவுக்கு வந்தவர் போலத் தெரிந்தது.

“வண்டிக்காரர்கிட்ட வேணா சொல்றேன், அழகா இருக்கு அப்படியே ஓட்டுங்கன்னு. நான் டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள உன் கூத்தை முடி.”

பத்து நிமிடம் கிடைத்தது. மூன்றில் ஒரு பங்கு ஞாபகமே வரவில்லை. வளையங்களை நட்டநடுவில் வைத்து எடுத்தேன். ஏழு முறை எடுத்தேன். இதற்கு முன் எதையும் இரண்டாவது முறை எடுத்ததில்லை.

அப்பா வந்தார். ஒரே இழுப்பில் பட்டியை அப்பினார். குளம் மூடிவிட்டது.

அந்தப் படம்தான் இப்போது பலகையில். அச்சில் எல்லாம் கறுப்பு வெள்ளை. சார் நிறங்களை நம்புவதில்லை.

“வட்டத்தைப் பாருங்க, எவ்வளவு சுத்தம். நிஜத்துல இப்படி வராது,” என்று வகுப்பைப் பார்த்துச் சொன்னார். “செஞ்சிருக்கான்.”

கேமராவிலிருந்த மற்ற ஆறு படங்களையும் காட்டினேன்.

“ஆறையும் செஞ்சிருக்கே. அந்த உழைப்பைப் படிப்புல காட்டியிருக்கலாம்.”

“நிஜமான பள்ளம் சார்.”

“அப்ப கூட்டிட்டுப் போய்க் காட்டு. என் கண்ணால பார்த்துட்டா இப்பவே பாஸ். இல்லேன்னா அடுத்த வருஷம் பார்க்கலாம்.”

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

வயிற்றெரிச்சலே அதுதான். காட்ட முடியாது. சனிக்கிழமை வண்டியை எடுக்க வந்தவர் கதவை விரலால் தடவினார். குனிந்து, செல்போன் டார்ச்சை அடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். ஒரு கோடு கூடத் தெரியக் கூடாது என்பதில் அவ்வளவு பிடிவாதம். “எந்த இடம்னே தெரியலையே,” என்று அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் ஒரு வேனுக்குப் பின்னால் பதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கிருந்த ஒரே சாட்சியை அப்பா அத்தனை ஒழுங்காக ஒழித்திருந்தார்.

“என்னப்பா, பள்ளம் எங்க இருக்கு? தூரமா?” சார் கடிகாரத்தைப் பார்த்தார்.

இவ்வளவு நேரம் நான் சொல்லாமல் இருந்ததற்கு மரியாதை ஒன்றுதான் காரணம்.

“பள்ளம் போயிடுச்சு சார். கதவு இருக்கு,” என்றேன். “கீழ பார்க்கிங்லதான் நிக்குது. சாவி உங்க பாக்கெட்ல இருக்கு.”